டிராப்ஸ் என்று மட்டும் கேட்காதீர்கள்

மருந்துக் கடையில் "டிராப்ஸ் கொடுங்கள்" என்று கேட்பவரிடம், கண்ணுக்கா, காதுக்கா, மூக்குக்கா, குழந்தைக்கு வாய்வழியாகக் கொடுப்பதற்கா என்று மருந்தாளுநராகிய நான் திருப்பிக் கேட்கிறேன். பிள்ளையைப் பள்ளியில் டிராப் செய்வதும், கைக்கு வந்த கேட்சை டிராப் செய்வதும், போட்ட திட்டத்தை டிராப் செய்வதும் இடம் பார்த்துப் புரிந்துவிடும். மருந்து விஷயத்தில் அந்த ஊகத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது.

எனக்கு மிகுந்த கவலை தருவது, கைக்குழந்தைகளின் காய்ச்சலுக்குத் தரப்படும் பாராசிட்டமால் டிராப்ஸ்தான். சொட்டு மருந்து என்பதால் வீரியம் குறைந்தது என்று பெற்றோர் பலர் எண்ணுகிறார்கள், உண்மை நேர்மாறானது. சிறு குழந்தைக்கு அதிக அளவு புகட்ட முடியாது என்பதற்காகவே அதைச் செறிவாகத் தயாரிக்கிறார்கள். நம் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் டிராப்ஸில் 1 மி.லி.க்கு 100 மி.கி. மருந்து இருக்கிறது, சிரப்பில் 5 மி.லி.க்குத்தான் 120 அல்லது 125 மி.கி., வீரியம் கூடியதில் 250 மி.கி.

வழக்கமாக ஒரு வேளைக்கு, குழந்தையின் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. வரை கொடுக்கப்படுகிறது. 6 கிலோ குழந்தைக்கு 90 மி.கி. என்றால் டிராப்ஸில் அது 0.9 மி.லி. மட்டுமே. சிரப் என்று நினைத்து அதே டிராப்ஸை 5 மி.லி. பாலாடையில் ஊற்றிப் புகட்டினால், பெரியவர்கள் விழுங்கும் 500 மி.கி. மாத்திரை முழுவதும் அந்தக் குழந்தையின் உடலுக்குள் போய்விடுகிறது. 0.9 மி.லி. என்பதை ஒன்பது சொட்டு என்று புரிந்துகொண்டாலோ பாதியளவே கிடைக்கும், காய்ச்சலும் தணியாது. ஏனெனில் 1 மி.லி.க்கு ஏறத்தாழ 20 சொட்டுகள் என்பது பொதுக் கணக்கு, அதுவும் டிராப்பரின் வாய் அகலத்தைப் பொறுத்து மாறும். ஆகவே சொட்டுகளை எண்ணாமல், அந்தப் பாட்டிலோடு வரும் டிராப்பரிலுள்ள மி.லி. கோட்டைப் பார்த்தே அளக்க வேண்டும். ஒரு மருந்தின் டிராப்பரை வேறொரு மருந்துக்குப் பயன்படுத்துவதும் தவறு.

இந்தக் குழப்பத்தால் நேர்ந்த அளவுப் பிழைகளைத் தவிர்ப்பதற்காகவே அமெரிக்காவில் 2011ஆம் ஆண்டு, செறிவு கூடிய டிராப்ஸைக் கைவிட்டு, குழந்தைகளுக்கான திரவப் பாராசிட்டமாலை 5 மி.லி.க்கு 160 மி.கி. என்ற ஒரே அளவுக்குக் கொண்டுவரத் தயாரிப்பாளர்கள் முன்வந்தனர். இங்கே டிராப்ஸ், சிரப் இரண்டும் ஒரே கடையில், பெரும்பாலும் ஒரே பெயரில் கிடைக்கின்றன.

அளவு மீறிக் கொடுத்துவிட்டால் குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்காதீர்கள். பாராசிட்டமாலால் கல்லீரலுக்கு ஏற்படும் பாதிப்பு முதல் நாளில் வெளியே தெரியாமலே போகலாம். அதன் நச்சை முறிக்கும் மருந்தோ முதல் 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாகப் பலன் தரும். பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மூக்கு டிராப்ஸிலும் இரு வகை உண்டு. ஒன்று வெறும் உப்புநீர். மற்றொன்று சைலோமெட்டாசோலின் போன்ற அடைப்பு நீக்கி. பெரியவர்களுக்கான அடைப்பு நீக்கியைக் கைக்குழந்தையின் மூக்கில் விட்டால் அளவு மீறிய மயக்கமும் நாடித்துடிப்புக் குறைவும் ஏற்படக்கூடும். தோற்றத்தில் பாட்டில்கள் ஒன்றுபோலவே இருப்பதால், விடுவதற்கு முன் பெயரைப் படிப்பது அவசியம்.

கண்ணுக்கான சில டிராப்ஸை மருத்துவர் காதுக்கும் எழுதித் தருவதுண்டு. அதை வைத்துக்கொண்டு காது மருந்தைக் கண்ணில் விடக் கூடாது. காது அழுக்கை இளக்கும் மருந்துகள் கண்ணைப் புண்ணாக்கிவிடும். எனவே அலமாரியில் இவற்றை அருகருகே வைக்காமல், அட்டைப் பெட்டியை எறியாமல், எந்த உறுப்புக்கு என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை கடைக்கு வரும்போது, மருந்தின் பெயரையும் குழந்தையின் எடையையும் சேர்த்துச் சொல்லுங்கள், எத்தனை மி.லி. என்பதை மருந்தாளுநரிடம் டிராப்பரிலேயே காட்டச் சொல்லி வாங்குங்கள்.