அம்மா குடிக்கிறதே இல்லையே, கவுட் எப்படி டாக்டர் வரும்?

இந்த மாதத்தில் இந்தக் கேள்வி வருவது இது மூன்றாவது முறை. 68 வயது அம்மா. மோதிர விரலின் நுனி மூட்டு சிவந்து வீங்கியிருக்கிறது, தோலுக்கு அடியில் சுண்ணாம்பைத் தொட்டு வைத்த மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. இரண்டு வருடமாக "வயசாச்சு, தேய்மானம்" என்று வலி மாத்திரையும் தைலமுமாகவே போயிருக்கிறது. அந்த வெள்ளை, யூரிக் ஆசிட் என்ற கழிவின் உப்பு. அது மூட்டில் படிந்து வரும் வீக்கமும் வலியும்தான் கவுட். கவுட் என்று சொன்னதும் கூட வந்த மகனுக்கு முகமே மாறிவிட்டது. "அம்மா சுத்த சைவம் டாக்டர், குடியெல்லாம் எங்க வீட்டிலேயே கிடையாது."

கவுட் ஒழுக்கக்கேட்டுக்குக் கிடைக்கும் தண்டனை இல்லை. உடம்பில் இருக்கும் யூரிக் ஆசிடில் பெரும்பகுதியை உடம்பேதான் உண்டாக்குகிறது. சாராயமும் ஆட்டு ஈரலும் அதை ஏற்றிவிடும், ஆனால் பெரும்பாலானவர்களுக்குக் கோளாறு சிறுநீரகம் அதைச் சரியாக வெளியேற்றாததில்தான் இருக்கிறது. பருப்பையும் கீரையையும் நிறுத்திவிட்டு வந்து நிற்கிறார்கள், அதனால் ஒரு பலனும் இல்லை.

மாதவிலக்கு நிற்கும்வரை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் யூரிக் ஆசிடைச் சிறுநீரில் தள்ளிக்கொண்டே இருக்கும். நின்ற பிறகு அந்தக் காவல் போய்விடுகிறது. மாதவிலக்கு நிற்காத பெண்ணுக்குக் கவுட் வராது என்று பழைய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டிஸ் காலத்திலேயே எழுதி வைத்தார்கள், நாம் "பெண்ணுக்குக் கவுட் வராது" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டோம். ஆணுக்கு முப்பது, நாற்பதுகளில், நடுராத்திரியில் கால் கட்டைவிரல் தீப்பிடித்த மாதிரி எரியும், போர்வை பட்டால்கூடத் தாங்காது. அதை யாரும் தவறவிடுவதில்லை. பெண்ணுக்குப் பல வருடம் தள்ளி, முழங்காலிலோ கணுக்காலிலோ, ஏற்கெனவே தேய்ந்த விரல் மூட்டிலோ வருகிறது, தேய்மானத்தோடு தேய்மானமாகக் கலந்துவிடுகிறது. மாதவிலக்கு நிற்பதற்கு முன்பே வந்தால் நான் முதலில் சிறுநீரகத்தைத்தான் பார்ப்பேன்.

அப்புறம் நீர் மாத்திரை. பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் இது யூரிக் ஆசிடை ஏற்றும், கவுட் வரும் பெண்களில் நிறையப் பேர் இதைச் சாப்பிடுகிறவர்கள். இந்த அம்மாவும்தான். தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள், மூச்சுத் திணறலில் கொண்டுபோய் விடும். எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், மாற்ற முடியுமா என்று நாங்கள் பார்க்கிறோம்.

வலி உச்சத்தில் இருக்கும்போது எடுத்த யூரிக் ஆசிட் ரத்தப் பரிசோதனை நார்மலாக வரலாம், அதை வைத்துக் கவுட் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள், வலி அடங்கி இரண்டு வாரம் கழித்துத் திரும்ப எடுங்கள். மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடுவதை மட்டும் விடுங்கள், கிட்னி ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கிறது.

யூரிக் ஆசிடைக் குறைக்கும் அலோப்யூரினால், ஆணோ பெண்ணோ குறைந்த அளவில் தொடங்கி, ரத்தத்தில் யூரிக் ஆசிட் 6 மி.கி./டெ.லி.-க்குக் கீழே வரும்வரை ஏற்றவேண்டிய மருந்து. வலி போனதும் நிறையப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். தொடங்கிய முதல் சில மாதங்களில் வலி திரும்பவும் வரலாம், அதற்குத் தனி மாத்திரை தருவோம், பயந்து நிறுத்தாதீர்கள். உடம்பில் தடிப்பு வந்தால் மட்டும் அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே ஓடி வாருங்கள்.