கோல்ட் பிரஸ்டு ஆயில்: சொல் விளக்கம்

எண்ணெய்ப் புட்டிகளில் 'கோல்ட் பிரஸ்டு' என்ற சொல் இப்போது எங்கும் தென்படுகிறது. அதைச் சிலர் 'குளிர் அழுத்த எண்ணெய்' என்று தமிழாக்கி எழுதுகிறார்கள். அதைப் படிப்பவர், எண்ணெயைக் குளிர்பெட்டியில் வைத்து எடுத்தார்கள் போலிருக்கிறது என்றுதான் நினைப்பார். இந்தத் தொழிலில் குளிருக்கு இடமே இல்லை. வெளியிலிருந்து சூடு ஏற்றவில்லை என்பதுதான் இங்கே 'கோல்ட்' என்பதன் பொருள்.

இந்தச் சொல் ஐரோப்பாவின் ஆலிவ் தோட்டங்களில் பிறந்தது. ஆலிவ் காய்களை அரைத்து, அந்த விழுதை முதலில் அப்படியே அழுத்தி எண்ணெய் எடுப்பார்கள். பிறகு சக்கையில் வெந்நீர் ஊற்றி, மிச்சம் இருப்பதையும் அழுத்தி எடுப்பார்கள். முதலில் வந்தது மணமும் சுவையும் கெடாதது, விலையும் கூடுதல். வெந்நீர் படாத அந்த முதல் எண்ணெயைத் தனித்துச் சொல்லவே இந்தப் பெயர் வந்தது. இன்றும் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆலிவ் எண்ணெய்ப் புட்டியில் இப்படி எழுத வேண்டுமானால் 27 டிகிரி செல்சியசுக்குக் கீழே எடுத்திருக்க வேண்டும். அந்த அளவுகோலை இங்கே கொண்டுவர முடியாது. சித்திரை வெயிலில் நம் வீட்டுக்குள்ளேயே 27 டிகிரிக்கு மேல்தான் இருக்கும்.

மற்ற தாவர எண்ணெய்களுக்கு, கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தர நெறிமுறை வேறு விளக்கம் தருகிறது. எண்ணெயின் இயல்பு மாறாமல், சூடு கொடுக்காமல், இயந்திர முறையில் மட்டும் எடுத்திருக்க வேண்டும். அப்புறம் தண்ணீரில் கழுவலாம், தெளிய வைக்கலாம், வடிகட்டலாம், சுழற்றிப் பிரிக்கலாம். அதற்கு மேல் எதுவும் செய்யக்கூடாது. சூடு கொடுத்து, ஆனால் வேதிப்பொருள் இல்லாமல் எடுத்தால் அது 'வெர்ஜின்' எண்ணெய். இரண்டும் ஒன்று என்று நினைத்து வாங்குபவர்கள் நிறையப் பேர். தேங்காய்ப் பாலைக் காய்ச்சி எடுக்கும் எண்ணெயைக் கேரளத்தில் 'உருக்கு வெளிச்செண்ண' என்பார்கள். அது அருமையான எண்ணெய், ஆனால் கோல்ட் பிரஸ்டு அல்ல. அடுப்பில் உருக்கி எடுத்ததை உருக்கெண்ணெய் என்று சொல்வதுதான் நேர்மை.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'எண்ணெய்' என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். எள் + நெய் = எண்ணெய். நெய் என்பது பழந்தமிழில் கொழுப்பான நெய்ப்புப் பொருள் எல்லாவற்றுக்கும் பொது. எள்ளின் நெய்யாகத் தொடங்கிய சொல் பிறகு எல்லா வித்துக்கும் பரவியது. அதனால்தான் கடலையெண்ணெய், தேங்காயெண்ணெய் என்கிறோம், மண்ணிலிருந்து வருவதைக்கூட மண்ணெண்ணெய் என்கிறோம். எள்ளெண்ணெய்க்கு நல்லெண்ணெய் என்று தனிப் பெயர் வேண்டியிருந்தது. தெலுங்கின் 'நூனெ'யும் எள்ளைக் குறிக்கும் 'நுவ்வு'டன் நெய் சேர்ந்து உண்டானதுதான். வடமொழியில் எள் 'தில', எண்ணெய் 'தைல'. ஆங்கில 'ஆயில்' ஆலிவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இலத்தீன் வழியாக வந்தது. அவரவர் ஊரில் எது முதலில் எண்ணெய் தந்ததோ, அதன் பெயரே நிலைத்துவிட்டது.

அடுத்து வினைச்சொல். அழுத்துவது, பிழிவது, ஆட்டுவது மூன்றும் தமிழில் வேறு வேறு. எலுமிச்சையைப் பிழிகிறோம், தேங்காய்ப் பாலைப் பிழிகிறோம். எள்ளையும் கடலையையும் கொப்பரையையும் ஆட்டுகிறோம். உரலுக்குள் உலக்கை சுற்றிச் சுற்றி வந்து வித்தை நசுக்குவதால் 'ஆட்டு' என்பதுதான் அந்த வேலைக்குச் சரியான சொல். மாவாட்டுவதும் அதே வினைதான். அழுத்தத்துக்கு அங்கே பங்கு உண்டு என்றாலும், 'எண்ணெய் அழுத்தினேன்' என்று எந்த வாணியரும் சொல்ல மாட்டார்.

கருவியின் பெயர் செக்கு. மலையாளத்தில் அது 'சக்கு', சிங்களத்தில் 'செக்குவ'. சோழர் காலக் கல்வெட்டுகளில் செக்குக்கு விதித்த வரி 'செக்கிறை' என்று வருகிறது. கல்லில் குடைந்தது கல்செக்கு, மரத்தில் செய்தது மரச்செக்கு. மாடு சுற்றிய இடத்தில் இன்று மோட்டார் சுற்றுகிறது. மாடு இழுக்க வேண்டிய செக்கைத்தான் கோவைச் சிறையில் வ.உ.சி.யை இழுக்க வைத்தார்கள்.

செக்கு மெதுவாகச் சுற்றும். உராய்வால் எண்ணெய் வெதுவெதுப்பாகுமே தவிரக் கொதிக்காது. திருகாணி போன்ற இரும்புத் தண்டு வைத்த எக்ஸ்பெல்லரில் உராய்வுச் சூடு அதைவிட அதிகம். ரீபைண்டு எண்ணெயின் வழி முற்றிலும் வேறு. காரம் கலந்து அமிலத்தை நீக்கி, களிமண் தூளால் நிறத்தை வெளுத்து, 200 டிகிரிக்கு மேல் நீராவி செலுத்தி மணத்தை அகற்றுவார்கள்.

எனவே என் முடிவு இது. செக்கில் ஆட்டியதைச் 'செக்கெண்ணெய்' என்றே எழுதலாம், 'கோல்ட் பிரஸ்டு' தேவையில்லை. செக்கு அல்லாத கருவியில், ஆனால் சூடு இல்லாமல் எடுத்தால் 'சூடேற்றாமல் எடுத்த எண்ணெய்' என்று சொல்லலாம். சொல் கொஞ்சம் நீளம்தான், ஆனால் பொருள் பிசகாது. சூடாக்காத நீரைப் பச்சைத் தண்ணீர் என்கிறோமே, அதுபோலப் 'பச்சை எண்ணெய்' என்றால் என்ன? எனக்கும் அது பிடிக்கும். ஆனால் சோற்றிலும் பொடியிலும் காய்ச்சாமல் ஊற்றிக்கொள்வதற்கு அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது, குழப்பம் வரும்.

வாங்கும்போது புட்டியிலுள்ள சொல்லைவிட விலை கூடுதலாகப் பேசும். எள்ளிலும் நிலக்கடலைப் பருப்பிலும் ஏறக்குறையப் பாதி எடைதான் எண்ணெய், அதையும் செக்கு முழுதாக எடுத்துவிடாது. ஒரு கிலோ எண்ணெய்க்கு இரண்டு கிலோவுக்கு மேல் வித்து வேண்டும். பிண்ணாக்கு விற்ற காசைக் கழித்த பிறகும் கணக்கு ஒட்டாத அளவுக்கு மலிவாகக் கிடைத்தால், அதைச் செக்கெண்ணெய் என்று நம்ப வேண்டாம். முடிந்தால் வித்தைக் காயவைத்துக் கொண்டுபோய், கண்முன் ஆட்டி வாங்குவதே நல்லது. எள் ஆட்டும்போது எண்ணெய் பிரிவதற்காகக் கருப்பட்டி சேர்ப்பார்கள், அது கலப்படம் அல்ல.

கடலையில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். பூஞ்சை பிடித்த கடலையில் அப்லடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். சுத்திகரிக்கும்போது நீங்கிவிடும் அந்த நஞ்சு, செக்கெண்ணெயில் ஓரளவு தங்கிவிடும். சுருங்கியது, கறுத்தது, கசப்பது எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் ஆட்டக் கொடுக்க வேண்டும்.

ஆட்டிய எண்ணெயை இரண்டு மூன்று நாள் அசையாமல் தெளியவைத்து, மண்டியை விட்டு மேலே உள்ளதை வடித்து, வெளிச்சம் படாத இடத்தில் வைக்கலாம். ஈரக் கரண்டி படவே கூடாது. புதுச் செக்கெண்ணெய் வாணலியில் பொங்கினால் சிறு புளி உருண்டையைப் போட்டு எடுப்பது பழைய வழக்கம். சுத்திகரித்த எண்ணெயைவிட இது சீக்கிரம் புகையும். எனவே பொரிக்கும்போது தீயைத் தணித்து, கொஞ்சமாக ஊற்றி, மிஞ்சியதை மறுபடி மறுபடி காய்ச்சாமல் தாளிப்பில் தீர்த்துவிட வேண்டும். அளவிலும் சலுகை கிடையாது: செக்கில் ஆட்டினாலும் ஆலையில் எடுத்தாலும் ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரிதான்.