பாடியது நீங்கள்தான், சரி. பாட்டு யாருடையது?

மறுபடியும் ஒரு பாட்டுக்குழு, மறுபடியும் அதே கதை. நான்கு பேர், கல்லூரி முடித்த வயது. பாட்டு இணையத்தில் நன்றாக ஓடுகிறது, வெளியிட்ட நிறுவனம் சம்பாதிக்கிறது, இவர்களுக்குப் பைசா வரவில்லை. ஒப்பந்தத்தைக் கேட்டால், கையெழுத்துப் போட்ட பக்கத்தின் மங்கலான போட்டோ மட்டும் கைபேசியில் இருக்கிறது. அப்புறம் அந்தக் கேள்வி: “பாடினது நாங்கதானே மேடம்?”

இசை ஒப்பந்தங்களைப் பார்க்கும் வக்கீலாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. சோல் என்ற கறுப்பின மக்களின் இசையைப் பாடிய அமெரிக்கக் குழுக்கள் 1960-களிலேயே வாங்கிக் கட்டிக்கொண்ட பாடம் இது. அந்தப் பாட்டுகளின் பின்னால் உள்ள காதல் கதைகள் வாட்ஸப்பில் சுற்றுகின்றன, ஒப்பந்தக் கதைகளை யாரும் அனுப்புவதில்லை.

ரோனெட்ஸ் என்ற குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் வளர்ந்த அக்கா தங்கை இருவர், அவர்களின் உறவுக்காரப் பெண் ஒருவர். 1963 ஜூலையில், தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரின் நிறுவனத்தோடு ஐந்து ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள். அந்த ஆண்டே ‘பீ மை பேபி’ வெளியாகி அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. அதன்பின் படங்கள், விளம்பரங்கள் என்று அந்தப் பாட்டு ஓயவே இல்லை. மூவருக்கும் சேர்த்துக் கிடைத்த முன்பணம் சுமார் 15,000 டாலர். அதற்குமேல் ராயல்டி என்று ஒன்றும் வரவில்லை.

1980-களின் கடைசியில் வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றம் சுமார் 30 லட்சம் டாலர் தரச் சொன்னது. 2002-ல் நியூயார்க்கின் உச்சபட்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. அது சொன்னது இதுதான்: ரெக்கார்டிங்கின் உரிமையை நிபந்தனையில்லாமல் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள், படத்திலும் விளம்பரத்திலும் பயன்படுத்தக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை, ஆகவே அந்த வருமானத்தில் உங்களுக்குப் பங்கில்லை. ரெக்கார்டு விற்பனைக்கு ஒப்பந்தத்தில் சொன்ன ராயல்டியை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். நீதிபதிகளுக்கு அனுதாபம் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்கள் முன்னால் இருந்தது காகிதம்.

நம் ஆட்கள் குழம்புவதும் இங்கேதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். பாட்டு என்பது ஒரே சொத்து அல்ல. வரியும் மெட்டும் ஒரு சொத்து, எழுதியவர்களைச் சேர்ந்தது. அதைப் பாடிப் பதிவு செய்த ரெக்கார்டிங் வேறொரு சொத்து, பெரும்பாலும் பணம் போட்டவரைச் சேர்ந்தது. பாடியவரின் உரிமை மூன்றாவது. அமெரிக்காவில் சாதாரண வானொலி ‘பீ மை பேபி’யை ஒலிபரப்பினால், எழுதியவர்களுக்குப் பணம் போகும். பாடியவருக்கு? சட்டப்படி எதுவும் கிடையாது, இன்றுவரை. அந்தக் குரல் இல்லாமல் அந்தப் பாட்டே இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் ஒப்புக்கொள்கிறேன். காசோலையில் மட்டும் அது ஏறாது.

குழுவின் பெயராவது பாடுபவர்களுடையதா? அதுவும் இல்லை. 1962-ல் ‘ஹீ இஸ் எ ரெபல்’ முதலிடம் பிடித்தபோது ரெக்கார்டில் கிரிஸ்டல்ஸ் என்ற பெண்கள் குழுவின் பெயர் அச்சாகியிருந்தது. அந்தப் பெண்கள் யாரும் அதில் பாடவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் டார்லின் லவ்வும் பிளாசம்ஸ் குழுவும் பாடியது அது. டிரிஃப்டர்ஸ் என்ற குழுவின் கதை இன்னும் மோசம். பெயர் மேனேஜரின் கையில், பாடகர்கள் வாரச் சம்பளக்காரர்கள். 1958-ல் மொத்தக் குழுவையும் நீக்கிவிட்டு, வேறொரு குழுவை அழைத்து அதே பெயரைச் சூட்டினார் அவர். அப்படி வந்தவர்தான் பென் இ. கிங். அவர் பாடிய ‘சேவ் த லாஸ்ட் டான்ஸ் ஃபார் மீ’ 1960-ல் முதலிடம் வந்தபோது அவர் குழுவிலேயே இல்லை. சம்பளத் தகராறில் கிளம்பிவிட்டிருந்தார். போலியோவால் ஆட முடியாத டாக் போமஸ், தன் கல்யாணத்தில் மனைவி மற்றவர்களோடு ஆடியதை நினைத்து எழுதிய பாட்டு அது. அந்தப் பாதிக் கதை எல்லோருக்கும் தெரியும்.

தாமதத்தைப் பற்றியும் ஒன்று. சோலுக்கு முந்தைய, பல குரல்கள் இணைந்து பாடும் டூ-வாப் பாணியின் காலத்தில், 1956-ல், ‘வொய் டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்’. பாடிய ஃபிராங்கி லைமனுக்கு அப்போது 13 வயது. குழுவின் இன்னும் இரண்டு பையன்கள், தாங்களும் சேர்ந்து எழுதியது என்று 1980-களில் நீதிமன்றம் போனார்கள். 1992-ல் ஜூரி அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1996-ல் மேல்முறையீட்டில் எல்லாம் போயிற்று. காரணம், வழக்குப் போடுவதற்கான மூன்று ஆண்டு கெடு எப்போதோ முடிந்துவிட்டது. எழுதியது யார் என்ற கேள்விக்கே மேல் நீதிமன்றம் போகவில்லை.

பாடகர் உரிமையில் நம் பதிப்புரிமைச் சட்டம் பரவாயில்லை. 2012 திருத்தத்துக்குப் பிறகு, வணிகப் பயன்பாட்டில் பாடகருக்கும் ராயல்டி உரிமை இருக்கிறது. உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் பொருள். அதனால்தான் என் மேசைக்கு வரும் ஒப்பந்தங்களில் ‘அண்டம் முழுவதும், நிரந்தரமாக’ என்று அடித்து வைக்கிறார்கள். சிரிக்காதீர்கள், உண்மையாகவே அண்டம் என்று இருக்கும்.

அந்த வரியைக் கண்டால் பேனாவை மூடுங்கள். எத்தனை ஆண்டு, எந்த நாடு, படம், விளம்பரம், ரீல்ஸ் எதற்கெல்லாம் என்று எழுதி வாங்குங்கள். “அப்புறம் பார்த்துக்கலாம் தம்பி” என்பது ஷரத்து அல்ல. வரியிலோ மெட்டிலோ உங்கள் கை இருந்தால், பாட்டு வெளியாகும் முன்பே பெயர் ஏறட்டும். குழுவின் பெயரை நீங்களே வர்த்தக முத்திரையாகப் பதிவு செய்யுங்கள். ஒருவர் விலகினால் பெயர் யாரிடம் இருக்கும் என்பதை, நண்பர்களாக இருக்கும்போதே எழுதி வையுங்கள். சண்டை வந்தபின் என்னிடம் வந்தால் ஃபீஸ் அதிகம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைக்கு 18 ஆகவில்லை என்றால் கையெழுத்துப் போடப்போவது நீங்கள். சாயங்காலமே வேண்டும் என்று அவசரப்படுத்தினாலும், ஒரு ராத்திரி வீட்டுக்கு எடுத்துப்போய் எல்லாப் பக்கத்தையும் வாசியுங்கள். கையெழுத்தானதும் முழு நகல் வாங்காமல் அந்த அலுவலகத்தை விட்டுக் கிளம்பாதீர்கள்.