ஒரே விரல், பல சுற்றளவு

மோதிர அளவு தெரிய வேண்டுமென்றால் கையில் கிடைத்த நூலை எடுப்போம். விரலின் அடியில் ஒரு சுற்று சுற்றி, நுனி சேருமிடத்தை நகத்தால் கிள்ளிப் பிடித்து, ஸ்கேலில் வைத்துப் படிப்போம். நானும் அப்படித்தான் அளந்தேன். வந்த மோதிரம் விரலின் நடுக்கணுவைத் தாண்டவே இல்லை. அளந்ததில் எங்கே தவறு என்று தேடிப் போனபோது, ஒரு சாண் நீளம்கூட இல்லாத நூலில் எத்தனை பிழைகள் ஒளிந்துகொள்ள முடியும் என்பது புரிந்தது.

முதலில் எவ்வளவு துல்லியம் தேவை என்று பார்த்துவிடுவோம். ஐ.எஸ்.ஓ. 8653 என்ற பன்னாட்டுத் தரத்தின்படி மோதிர அளவு என்பது அதன் உள்சுற்றளவு, மில்லிமீட்டரில். 54 என்றால் 54 மி.மீ., அவ்வளவுதான். அமெரிக்க முறையில் ஓர் எண் கூடினால் உள்விட்டம் 0.032 அங்குலம், அதாவது 0.81 மி.மீ. கூடும். பிரிட்டனில் எண்ணுக்குப் பதில் எழுத்து. ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையே சுற்றளவில் 1.25 மி.மீ. இடைவெளி. அந்த 54 மி.மீ. மோதிரம் அமெரிக்காவில் ஏறக்குறைய 7 ஆகும். அமெரிக்க முறையில் அரை அளவு வித்தியாசம் என்பது சுற்றளவில் சுமார் 1.3 மி.மீ. மட்டுமே. ஆகவே நாம் 1 மி.மீ.க்குள் பிழையை அடக்கியாக வேண்டும்.

நூலால் அது முடியாது. 1 மி.மீ. தடிமனுள்ள நூலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மையக்கோடு தோலிலிருந்து அரை மி.மீ. விலகி ஓடுகிறது. இரு பக்கமும் சேர்த்தால் விட்டம் 1 மி.மீ. கூடிவிடுகிறது, சுற்றளவு அதன் 3.14 மடங்கு கூடுகிறது. அமெரிக்க அளவில் ஓர் எண்ணுக்கும் மேலே போய்விட்டது! நூல் சற்றே சாய்ந்து சுற்றினாலும் நீளம் கூடும். மெல்லிய நூலாக எடுத்தால் பிழை எதிர்ப்பக்கம் திரும்புகிறது: அது சதைக்குள் அழுந்தும், இழுத்தால் நீளும், விட்டதும் சுருங்கிக் குறைவான எண்ணைக் காட்டும். எனக்கு நேர்ந்தது இந்த இரண்டாவது வகை. கூட்டிக் காட்டுமா குறைத்துக் காட்டுமா என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத கருவியைத் திருத்திப் பயன்படுத்தவும் வழியில்லை.

காகிதம் நல்லது. சாதாரண அச்சுத்தாளின் தடிமன் சுமார் 0.1 மி.மீ.; அதனால் வரும் பிழை 0.3 மி.மீ. தான். அது நீளாது, சதைக்குள் அழுந்தாது. ஆனால் காகிதத்தையும் விரலைச் சுற்றி அளக்காதீர்கள். மோதிரம் விரலைச் சுற்றிக்கொள்வதில்லை, நுனியிலிருந்து நுழைகிறது. வழியில் விரலின் நடுக்கணு நிற்கிறது. பலருக்கும் அந்தக் கணு விரலின் அடிப்பகுதியைவிடப் பெரிது. மோதிரம் கழன்று விழாமல் இருப்பதற்குக் காரணமே அந்தக் கணுதான். அதனால் காகிதத்தை வளையமாக்கி, மோதிரத்தைப் போலவே நுழைத்துப் பார்க்க வேண்டும். எந்த அகல மோதிரம் வேண்டுமோ அதே அகலத்தில் ஒரு பட்டையை வெட்டுங்கள். நுனிகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி டேப்பால் ஒட்டுங்கள். வளையம் கணுவில் லேசாக உரசி நின்று, ஒரு சிறு தள்ளலில் தாண்டி, அடியில் பிடிக்காமல் உட்கார வேண்டும். தாண்டாவிட்டால் ஒட்டைப் பிரித்து ஒரு மயிரிழை தளர்த்துங்கள். சரியாக அமைந்ததும் கழற்றி, ஒட்டின இடத்தைத் தொடாமல் எதிர்ப்பக்கத்தில் கத்தரித்து நீட்டினால், நுனியிலிருந்து நுனி வரை உள்ள நீளம்தான் உங்கள் அளவு.

பொருந்துகிற மோதிரம் ஏற்கெனவே கையில் இருந்தால், அதன் உள்விட்டத்தை ஸ்கேலில் படிக்கத்தான் தோன்றும். அதில் ஒரு கண்ணி இருக்கிறது. விட்டத்தில் அரை மி.மீ. தவறிப் படித்தால் சுற்றளவில் அது 1.6 மி.மீ. ஆகப் பெருகும். சுற்றளவை அளந்தால் நிலைமை தலைகீழ்: அங்கே நேரும் அரை மி.மீ. தவறு விட்டத்தில் 0.16 ஆகச் சுருங்கிவிடும். அதனால் ஒரு காகிதப் பட்டையைச் சுருட்டி மோதிரத்துக்குள் விடுங்கள். அது தானே விரிந்து உட்சுவரில் படியும். நுனி விழும் இடத்தைக் குறித்துக்கொண்டு நீட்டி அளக்கலாம்.

அச்சிட்டுப் பயன்படுத்தும் அளவுப் படங்களை நம்புவதற்கு முன் ஒரு வங்கி அட்டையை அதன்மேல் வைத்துப் பாருங்கள். அச்சுப்பொறி படத்தைத் தாளுக்கு ஏற்பச் சுருக்கிவிடுவது உண்டு. அட்டையின் நீளம் உலகெங்கும் 85.6 மி.மீ.; அகலம் 53.98 மி.மீ. அட்டையின் குறுகிய பக்கத்தின் நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டி, நுனியும் நுனியும் தொடும்படி வளைத்தால் ஏறக்குறைய 54 அளவு மோதிரம். விரலில் மாட்டிப் பார்த்தால் நம் அளவு அதற்கு மேலா கீழா என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

இவ்வளவு கவனமாக அளந்தாலும் காலையில் ஓர் எண்ணும் மாலையில் வேறோர் எண்ணும் வரலாம். அது அளவின் குற்றமல்ல, விரல்தான் மாறுகிறது. மோதிரம் மாறுவதில்லை. தங்கம் ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஒரு லட்சத்தில் ஒன்றரைப் பங்குக்கும் குறைவாகவே விரியும். 17 மி.மீ. விட்டமுள்ள மோதிரத்தை 20 டிகிரி சூடாக்கினாலும் விட்டம் கூடுவது ஒரு மில்லிமீட்டரில் சுமார் இருநூறில் ஒரு பங்கு. விரலோ உடலின் வெப்பத்தை வெளியேற்றும் சாளரம். விரலை மடக்கி நீட்டும் தசைகள் விரலில் இல்லை. அவை முன்கையிலும் உள்ளங்கையிலும் இருந்துகொண்டு தசைநாண்களால் இழுக்கின்றன. விரலுக்குள் இருப்பவை எலும்பு, தசைநாண், கொழுப்பு, அவற்றின் ஊடே அடர்ந்து ஓடும் ரத்தக் குழாய்கள். உடல் சூடானால் அந்தக் குழாய்கள் விரிந்து ரத்தம் பாய்கிறது, விரல் பருக்கிறது. குளிரில் அவை இறுகி விரல் மெலிகிறது. உப்பு மிகுந்த உணவு, நீண்ட நடை, கர்ப்பகாலம் ஆகியவை திசுக்களில் நீரைத் தேக்குகின்றன. எனவே குளிர்ந்த கையிலும் உடற்பயிற்சி முடிந்த கையிலும் அளக்காதீர்கள். வலது கைப் பழக்கம் உள்ளவருக்குப் பெரும்பாலும் வலது விரல்கள் சற்றுப் பெரிது என்பதால், எந்தக் கையில் போடப் போகிறீர்களோ அதே விரலை அளக்க வேண்டும்.

இரண்டு அளவுகளுக்கு நடுவில் நின்றால் நான் பெரியதன் பக்கமே சாய்வேன். இறுக்கமான மோதிரம் வெறும் அசௌகரியம் மட்டுமல்ல. சிரைகளின் சுவர் மெல்லியது, உள்ளே அழுத்தமும் குறைவு. மோதிரம் இறுகினால் முதலில் அடைபடுவது அவைதான். தமனிகள் ரத்தத்தை உள்ளே அனுப்பிக்கொண்டே இருக்கும், வெளியேறும் வழி குறுகிவிடும். விரல் வீங்கும், வீங்க வீங்க மோதிரம் இன்னும் இறுகும். கையில் அடிபட்டால் வீக்கம் தொடங்கும் முன்பே மோதிரத்தைக் கழற்றச் சொல்வது இதனால்தான்.

அகலமான மோதிரத்துக்கும் கொஞ்சம் இடம் கூட்டியே வாங்க வேண்டும். மெல்லிய மோதிரத்தின் கீழ் அழுந்தும் சதை இரு பக்கமும் ஒதுங்கிக்கொள்ளும். அகலப் பட்டையின் கீழ் அதற்குப் போக்கிடம் இல்லை.

காகித வளையத்தை ஒருநாள் முழுக்க விரலில் விட்டுப் பாருங்கள். மேலே டேப் சுற்றினால் தண்ணீரையும் ஓரளவு தாங்கும். எழுந்தவுடன், நடந்து வந்த பிறகு, இரவில் என மூன்று வேளையும் கழற்றிப் போட முடிகிறதா என்று கவனியுங்கள். தங்கத்தையும் வெள்ளியையும் வெட்டிப் பற்றவைத்து அளவு மாற்றிவிடலாம். டங்ஸ்டன் கார்பைடு மோதிரம் அப்படி வளைந்து கொடுக்காது, அழுத்தினால் உடையும். சுற்றிலும் கல் பதித்ததை மாற்றுவதும் பெரும்பாடு. அப்படிப்பட்டதை வாங்குகிறவர்கள் காகித வளையத்தை இன்னும் இரண்டு நாள் கூடுதலாகப் போட்டுக்கொள்ளட்டும்.