ஸ்பார்ஜ்: தெளிப்பு நீர் அல்ல, இரண்டாம் நீர்

‘தெளிப்பு நீர்: 12 லிட்டர்.’ வீட்டில் ஸ்ட்ராங் பியர் காய்ச்சும் முறையைத் தமிழாக்கிய ஒரு குறிப்பில் இப்படி இருந்தது. இதே சொல்லை நான் பார்ப்பது மூன்றாவது முறை. பன்னிரண்டு லிட்டரை எங்கே தெளிப்பது, வாசலிலா?

மூலச்சொல் ஸ்பார்ஜ். லத்தீனில் ‘ஸ்பார்கெரே’ என்றால் தூவுதல், இறைத்தல். பியர் ஆலைகளில் சுழலும் துளைக்குழாய் வழியாகத் தானியத்தின் மேல் வெந்நீரைத் தூவுவார்கள். பெயர் வந்த கதை அவ்வளவுதான். மொழிபெயர்ப்பாளர் அகராதியைத் திறந்தார், முதல் பொருளை எடுத்தார், மூடிவிட்டார்.

வேலையைப் பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார். முளைகட்டி உலர்த்திய பார்லிதான் மால்ட். அதை உடைத்து 65 முதல் 68 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் நீரில் வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். இதுதான் மாஷ். சாற்றை வடித்த பிறகும் சக்கையில் சர்க்கரை ஒட்டிக்கொண்டிருக்கும். சுமார் 76 டிகிரி வெந்நீர் விட்டு அதையும் இறக்குவதுதான் ஸ்பார்ஜ். வீட்டில் காய்ச்சுபவர்களில் பலர் எதையும் தூவுவதில்லை. மொத்தமாக ஊற்றி, கிளறி, வடித்துவிடுகிறார்கள். அப்புறம் ‘தெளிப்பு’ எங்கே இருக்கிறது?

இன்னொரு வம்பும் உண்டு. தெளிதல் என்றால் கலங்கல் போவது. மாஷிலிருந்து முதலில் வரும் கலங்கலான சாற்றைத் திரும்ப மேலேயே ஊற்றித் தெளிய விடுவது தனி வேலை. தெளிப்பு நீர் என்று படிக்கும் புதியவர் அதற்கான தண்ணீர் என்றுதான் நினைப்பார்.

சிலர் கழுவுநீர் என்கிறார்கள். அது மாட்டுக்கு வைக்கும் கழுநீர்ப் பானையை நினைவூட்டுகிறது. நானே சில காலம் அலசுநீர் என்று எழுதினேன். ஆனால் துணி அலசிய தண்ணீரைக் கொட்டத்தானே செய்வோம்? இங்கே வேண்டியது அந்தத் தண்ணீர்தான், கொட்டுவது சக்கையை.

சரி, நம் அடுப்படியில் இதே வேலைக்குப் பெயர் இல்லையா? தேங்காயைப் பிழிந்தால் முதல் பால், அதே சக்கையில் வெந்நீர் விட்டுப் பிழிந்தால் இரண்டாம் பால். காபி ஃபில்டரிலும் முதல் டிகாக்‌ஷன், இரண்டாம் டிகாக்‌ஷன். ஜெர்மன்காரர்களும் இந்த வழியில்தான் போயிருக்கிறார்கள்: மாஷுக்கு விடுவது ‘ஹவுப்ட்குஸ்’, அதாவது தலையூற்று, பிறகு விடுவது ‘நாக்குஸ்’, பின்னூற்று. தூவலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆகவே முதல் நீர், இரண்டாம் நீர்.

கணக்கும் இதில் தானாக விளங்கும். மால்ட் கிலோவுக்குச் சுமார் ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிடும். ஸ்ட்ராங் பியருக்கு 8 கிலோ மால்ட் என்று வையுங்கள். கிலோவுக்கு 2.75 லிட்டர் வீதம் முதல் நீர் 22 லிட்டர். சக்கை குடித்தது போக வருவது 14. கொதிக்கவைக்க 26 லிட்டர் வேண்டுமென்றால் இரண்டாம் நீர் 12. அதே 26 லிட்டருக்கு 4 கிலோ மட்டும் போட்டால் முதல் நீர் 11, வருவது 7, இரண்டாம் நீர் 19. பியர் ஸ்ட்ராங்காக ஆக இரண்டாம் நீருக்கு இடம் குறைகிறது, சக்கையில் சர்க்கரை தங்கிவிடுகிறது. அதை வீணாக்க மனமில்லாமல்தான் பழைய இங்கிலாந்தில் முதல் சாற்றை ஸ்ட்ராங் பியராக்கி, பின்னால் வந்த நீர்த்த சாற்றில் ‘ஸ்மால் பியர்’ காய்ச்சினார்கள். ‘தெளிப்பு’ என்று எழுதிவிட்டு இந்தக் கதையை எப்படிச் சொல்வது?

மாஷுக்கு ‘மசியல்’ என்று போடுகிறவர்களும் உண்டு. இங்கே யாரும் எதையும் மசிப்பதில்லை. கீரைக்கடைசல் ஞாபகம்தான் வருகிறது. ‘ஊறல்’ என்று எழுதக் கை வரும். ஆனால் நாளிதழில் ‘சாராய ஊறல் அழிப்பு’ என்று வரும்போது அது நொதித்துக்கொண்டிருக்கும் ஊறல். மாஷில் இன்னும் ஈஸ்டே விழவில்லை. அது மாஷாகவே இருக்கட்டும்.