கேங்: தாய்லாந்துக் குழம்பு

தாய்லாந்து வீடுகளில் சோற்றோடு சேர்த்துச் சாப்பிடும் குழம்பு வகைகளுக்குப் பொதுப்பெயர் ‘கேங்’. பக்கத்து நாடான லாவோஸிலும் இதே சொல்தான். உணவகப் பட்டியல்களில் ‘தாய் கிரீன் கறி’ என்று நாம் பார்ப்பது ‘கேங் கியாவ் வான்’. கியாவ் என்றால் பச்சை, வான் என்றால் இனிப்பு. குழம்பு இனிக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பச்சை மிளகாயும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து வரும் அந்த வெளிர்பச்சையைத்தான் ‘வான்’ சொல்கிறது.

சரி, ‘கறி’ எங்கிருந்து வந்தது? நம்மிடமிருந்துதான். சங்கத் தமிழில் கறி என்றால் மிளகு. பின்னால் மசாலா சேர்த்துச் சமைத்த காய்க்கும் இறைச்சிக்கும் அது பெயரானது. ஐரோப்பியர் அதை எடுத்துக்கொண்டு, ஆசியாவில் கண்ட குழம்புக்கெல்லாம் அதே பெயரை வைத்தார்கள். தாய்லாந்துக்காரர்கள் அப்படிச் செய்யவில்லை. மஞ்சளும் கறித்தூளும் போட்டு இந்திய மணத்தோடு வைக்கும் ஒரு வகையை மட்டும் ‘கேங் கரி’ என்கிறார்கள். எல்லாவற்றையும் கறி என்றால் அந்த வேறுபாடு காணாமல் போகிறது. தவிர, இன்று நம்மில் பலருக்குக் கறி என்றாலே இறைச்சிதான்.

தமிழில் இதற்குக் குழம்பு என்பதே பொருத்தம். ‘கேங் சோம்’ என்பதில் சோம் புளிப்பு. புளி கரைத்து மீன் போட்டு வைக்கும் அதைப் புளிக்குழம்பு என்று தயங்காமல் சொல்லலாம். தேங்காய்ப்பால் கிடையாது. ‘கேங் ஜூத்’ மட்டும் விலக்கு. காரமே இல்லாத தெளிந்த நீர் அது, அதற்குச் ‘சாறு’ போதும்.

குழம்பு என்று நினைத்துக்கொண்டால் சமைப்பதும் பிடிபடும். மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, எலுமிச்சைப்புல், இஞ்சி இனத்துக் கலங்கா, கொத்தமல்லி வேர், இறால் விழுது ஆகியவற்றைக் கல்லுரலில் இடித்துக்கொள்வார்கள். தேங்காய்ப்பாலில் கெட்டியானதைத் ‘தலை’ என்றும் நீர்த்ததை ‘வால்’ என்றும் சொல்வார்கள். நம் முதல் பால், இரண்டாம் பால். வரிசைதான் நேர்மாறு. நாம் முதல் பாலைக் கடைசியில் ஊற்றி இறக்குவோம். அவர்கள் அதை முதலில் காய்ச்சி, எண்ணெய் பிரிந்ததும் இடித்துவைத்த விழுதை வதக்கி, அப்புறம் வாலை ஊற்றுவார்கள். பெட்டியில் வரும் பால் பிரியாமல் இருக்கப் பக்குவம் செய்யப்பட்டிருக்கும். அதில் வைப்பவர்கள் முதலிலேயே ஒரு கரண்டி எண்ணெய் விட்டுக்கொள்ளுங்கள்.