ஆந்தெல்மின்டிக்: புழுக்கொல்லியா, புழுநீக்கியா?

சிங்கப்பூர் தேக்காவில் நாட்டு மருந்துச் சாமான் விற்கும் கடையில் வாய்விளங்கம் கேட்டால், மிளகு மாதிரி செம்பழுப்பாகச் சில உருண்டைகளை நிறுத்துத் தருவார்கள். ஆய்வுக் கட்டுரைகளில் அதன் பெயரோடு ஒட்டியே வரும் சொல் ஆந்தெல்மின்டிக், அதாவது உடலில் ஒட்டி வாழும் புழுக்களுக்கு எதிரான மருந்து.

பிறப்பிடம் கிரேக்கம். ‘ஆன்டி’ என்றால் எதிர், ‘ஹெல்மின்ஸ்’ என்றால் புழு. இரண்டும் சேரும்போது நடுவில் உள்ள ‘இ’ விழுந்து, ஹகர ஓசை முன்னெழுத்தோடு கலந்து ‘ஆந்த்’ ஆகிவிடும். புணர்ச்சி இலக்கணம் நமக்கு மட்டும் சொந்தமில்லை!

சரி, தமிழில் என்ன சொல்வது? வீட்டில் பாட்டிமார் சொல்வது ‘பூச்சி மருந்து’. பேச்சுக்கு அது போதும். புட்டியில் எழுதி ஒட்டினால் கரப்பானுக்கு அடிப்பது என்று நினைத்துவிடுவார்கள். ‘கிருமிநாசினி’யும் ஒருகாலத்தில் பொருத்தமாக இருந்தது. கிருமி என்ற வடசொல்லுக்கு மூலப்பொருளே புழுதான். ஆனால் இன்று சிங்கப்பூரில் கிருமித்தொற்று என்றதும் கொவிட்-19 ஞாபகம் வருகிறது. கிருமிநாசினி என்றால் கையில் தேய்க்கும் திரவம். அந்தச் சொல் கைமாறிப் போய்விட்டது.

‘குடற்புழு நீக்கி’ நல்ல சொல். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கும் நாளுக்கும் குடற்புழு நீக்க நாள் என்றுதான் பெயர். குறை ஒன்றுதான்: எல்லாப் புழுவும் குடலில் இருப்பதில்லை. யானைக்கால் நோய்ப் புழு நிணநீர்க் குழாயில் வாழ்கிறது, கல்லீரல் தட்டைப்புழு பித்தநாளத்தில்.

மருந்துச் சரக்குகளின் குணங்களைச் சொல்லும் சித்த மருத்துவக் குணபாடம் ‘புழுக்கொல்லி’ என்கிறது. பழகிய, அழகான சொல். ஆனால் பைரன்டெல் போன்ற மருந்து புழுவைக் கொல்வதில்லை. தசையை விறைக்க வைக்கிறது. பிடிமானம் போன புழு மலத்தோடு வெளியேறுகிறது. ஆந்தெல்மின்டிக் என்ற சொல் கொல்வது, வெளியேற்றுவது இரண்டையும் அடக்கும். அதனால் என் ஓட்டு ‘புழுநீக்கி’க்கு.

மூலிகை ஆய்வுகளை மொழிபெயர்ப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பல கல்லூரி ஆய்வுகளில் சோதிக்கப்படுவது மண்புழு. இலைச்சாற்றைப் பல அடர்த்தியில் கலந்து, புழுவைப் போட்டு, கடிகாரத்தோடு உட்கார்வார்கள். பலமாகக் குலுக்கினால் மட்டும் அசைகிறதா, முடக்கம். வெந்நீரில் போட்டும் அசையவில்லையா, இறப்பு. செலவு குறைவு, சரிதான். ஆனால் மண்புழு ஒட்டுண்ணியே அல்ல. ஆட்டின் இரைப்பைப் புழுவின் முட்டை பொரிக்கிறதா என்று பார்ப்பதும், மருந்து கொடுக்குமுன்னும் பின்னும் ஆட்டின் சாணத்தில் முட்டைகளை எண்ணுவதும் எவ்வளவோ மேல். வெறும் மண்புழுச் சோதனையோடு நின்றதை ‘புழு எதிர்ப்புச் செயல்’ என்று எழுதினால் போதும். புழுநீக்கி என்று பட்டம் சூட்ட வேண்டாம்.

அப்புறம், எச்சரிக்கையோடு எழுத வேண்டிய ஒன்று ஆடுதின்னாப்பாளை. புழுவை நீக்கப் பேர்போன மூலிகை. அதிலுள்ள அரிஸ்டலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் உண்டாக்கும். அந்த அமிலம் கலந்த மருந்துகளுக்குச் சிங்கப்பூரில் தடை இருக்கிறது.